கூட நடந்தவ

பாக்காத தாயி. ஆமா, அதிரசம்தான். சுகர் டெஸ்ட்டுக்கு வந்த எடத்துல ஒரு பொம்பள மறைச்சு மறைச்சு அதிரசம் திங்கிறாளேன்னுதான பாக்குற? எனக்கு ஒண்ணும் புத்தி கெட்டுப் போகல. காரணம் இருக்கு, சொல்றேன். உக்காரு. அது ஆளு இருக்குற சேருதான். கூட வந்தவ தண்ணி பிடிக்கக் கீழ போயிருக்கா. அவ வர்ற வரைக்கும் நீ உக்காரு, ஒண்ணும் சொல்ல மாட்டா. என் முன்னால பேச அவளுக்கு வாயி ஏது?

வெறும் வயித்து ரத்தம் குடுத்தாச்சு, இட்லியும் தின்னாச்சு. இனி ஒன்றர மணி நேரம் கழிச்சு மறுபடி குத்துவாக. அதுவரைக்கும் செவத்தப் பாத்துக்கிட்டு உக்காரணும். நீ யாருக்காக வந்திருக்க? அப்பாவுக்கா? அந்தா, அந்தக் கட்டம் போட்ட சட்டையா? நல்லாத் தூங்குறாரு. தூங்கட்டும், எழுப்பாத.

எனக்கு மானாமதுர. எம் பேரு சௌந்தரம். அவுக ரயில்வேல வேல பாத்து ரிட்டையர்டு ஆனவுக. ஒரே மகன், பெங்களூர்ல இருக்கான். இருக்கான்னு நானாச் சொல்லிக்கிற வேண்டியதுதான், அவன் எங்க போன் பண்றான்? அது வேற கத. அத அப்புறம் சொல்றேன்.

ஒன்னைய யாராச்சும் ஏமாத்தியிருக்காகளா? சொந்தக்காரன் ஏமாத்துனா சண்ட போட்டுட்டு விட்டுரலாம். கூடவே நடந்தவ ஏமாத்துனா என்ன செய்வ? நெஞ்சு ஆறல தாயி. ஐப்பசியில நடந்தது, தை பொறந்து இத்தன நாளாச்சு, இன்னும் ஆறல.

ரஞ்சிதம்னு பேரு. எங்களுக்குப் பக்கத்து வீடு. புருசன் இல்ல, ஒரு பையன் காலேசு படிக்கிறான். தையல் மெசினு வச்சுப் பொழைக்கிறா. காலையில உக்காந்தாள்னா பொழுது சாயுற வரைக்கும் மெசினு முன்னாலதான். நான் டிவி முன்னால. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்துச்சு பாரு சுகரு. அவளுக்கு வந்தப்ப எனக்கு, தப்பா நெனச்சுக்காத, கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. தொணைக்கு ஒரு ஆளு ஆச்சேன்னு.

போன ஆடியில ரெண்டு பேரும் சேந்து இங்கதான் வந்தோம். டாக்டரம்மா சின்னப் பிள்ள, ஒன் வயசுதான் இருக்கும். எங்க ரெண்டு பேரு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துச்சு. "இது உக்காந்து உக்காந்தே சேத்த வியாதிம்மா. நடந்துதான் கரைக்கணும். மூணு மாசம் பாப்போம். கொறையலைன்னா ரெண்டு பேருக்கும் ஊசிதான்"னு சொல்லிருச்சு. எங்கம்மாவுக்கு அப்பிடித்தான் தாயி, மொதல்ல ஊசின்னாக, அப்புறம் வெரலு, அப்புறம் காலு. ஊசின்ன ஒடனே எனக்கு எங்கம்மா காலுதான் கண்ணுல நிக்கிது. ரஞ்சிதத்துக்கு அவ பயம். மெசின மிதிக்கிற கால்ல பாதம் மரத்துப்போக ஆரம்பிச்சிருச்சு. அது போச்சுன்னா பொழப்பே போச்சு.

"எப்பிடி நடக்கணும் டாக்டர்?"னு அவதான் கேட்டா. "வாரத்துல அஞ்சு நாளாவது, அரை மணி நேரம் நிக்காம, வேர்க்க வேர்க்க நடக்கணும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் அளவு"ன்னுச்சு அந்தப் பிள்ள. பேசலாம்னு டாக்டரே சொன்ன பெறகு வேற என்ன வேணும்? எனக்குப் பாட்டு என்னைக்கும் வராது, அதனால அதப் பத்திக் கவலையில்ல.

அன்னைக்கே பஸ்ஸ விட்டு எறங்கி நேராக் கோயிலுக்குத்தான் போனோம். அம்மன் சன்னதியில வச்சு நான் கைய நீட்டுனேன். எங்க தெருவுல நடக்க ஆரம்பிச்சவளுக எத்தன பேருன்னு நெனக்கிற? நாலு நாளு நடப்பாளுக, அஞ்சாம் நாளு ஒருத்திக்குத் தலவலிம்பா, அத்தோட எல்லாரும் நின்னுருவாளுக. அப்பிடி ஆகிறக்கூடாதுன்னுதான் சொன்னேன். "அடியே ரஞ்சிதம், ஒன்ன விட்டு நான் நடக்க மாட்டேன். என்ன விட்டு நீ நடக்கக்கூடாது. கையில அடி"ன்னேன். அவ கொஞ்ச நேரம் அம்மன் மூஞ்சியப் பாத்தா. யோசிச்சுட்டுத்தான் அடிச்சா. அந்த யோசனையப் பாத்தப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும்.

எங்க நடக்கிறதுன்னு பேச்சு வந்துச்சு. ஆத்துப் பாலத்துல நடப்போம்கா, காத்து நல்லா வரும்கான்னா. ரெண்டு பொம்பளைக பாலத்துல கைய வீசிக்கிட்டு நடந்தா ஊரு என்ன சொல்லும்? போற வர்றவனெல்லாம் "எங்கக்கா இம்புட்டு வெரசா?"ன்னு கேப்பான். கோயில்னா ஒருத்தரும் கேக்க மாட்டாக. வெளிப்பிராகாரம் நல்லா விசாலமா இருக்கும், கல்லு பாவுனது. நடந்த மாதிரியும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு. நான் சொன்னேன், அவ சரின்னுட்டா.

கோயில்ல எப்பிடிச் சுத்தணும்னு ஒனக்குத் தெரியுமா? நெறமாசக்காரி எண்ணெக் கொடத்தத் தலையில வச்சுக்கிட்டு நடக்குற மாதிரி நடக்கணும். சொட்டு எண்ணெ சிந்தக்கூடாது. மொத நாளே அவ விடுவிடுன்னு முன்னால போறா. முந்தானையப் பிடிச்சு இழுத்து நிறுத்துனேன். "கொடம் தளும்பிரும்டி"ன்னேன். சிரிச்சா. அதுக்கப்புறம் எங்கூடத்தான், என் நடைக்குத்தான்.

நான் நல்லாப் பேசுவேன் தாயி, நீதான் பாக்குறியே. நந்திகிட்ட ஆரம்பிச்சா சண்டிகேஸ்வரர் வர்ற வரைக்கும் மருமக கத. அங்கருந்து கொடிமரம் வரைக்கும் மகன் கத. அதுக்கு முந்துன தீவாளிக்கு வர்றேன்னவன் எப்பிடி வராமப் போனான், பேரன் போன்ல என்னையப் பாத்து "யாரு இது?"ன்னு கேட்டது, எல்லாம் அவகிட்டத்தான் சொல்லுவேன். முக்கியமான எடம் வந்தா நின்னுதான சொல்லணும்? நடந்துக்கிட்டே சொன்னா அதுல என்ன இருக்கு? நான் நின்னா அவளும் நிப்பா. ஒரு நாளு பேரன் கதைய நாலாவது தடவையாச் சொல்லி அழுதேன். அவளும் புதுசாக் கேக்குற மாதிரி அழுதா. வீட்டுல அவுககிட்டச் சொன்னா பேப்பருக்குப் பின்னாலருந்து "ம்"பாக, அம்புட்டுத்தான்.

வியாழக்கெழம தட்சிணாமூர்த்திக்குக் கொண்டக்கடல. பிரதோசத்துக்குச் சக்கரப் பொங்கல். அவ தொன்னைய வாங்கி அப்பிடியே எங்கிட்ட நீட்டிருவா. "நீங்க சாப்பிடுங்கக்கா"ம்பா. சாமி பிரசாதம் ஒண்ணும் செய்யாது, அதுவும் பாசமாக் குடுக்குறான்னு நெனச்சுத் தின்னேன். இப்பத்தான புரியுது, அவ பங்கையும் சேத்து என் ஒடம்புல ஏத்தியிருக்கா.

அவளுக்கு அப்பவே கூறு மாறிப்போச்சு. "யக்கா, டாக்டர் சொன்ன மாதிரி வேர்க்கவே இல்லையே"ன்னா ஒரு நாளு. "ஆடிக் காத்துல எங்கடி வேர்க்கும்?"னேன். இன்னொரு நாளு, "கொஞ்சம் எட்டிப் போடுவமாக்கா?"ன்னா. சாமி கோவிச்சுக்கும்னு கன்னத்துல போட்டுக்கச் சொன்னேன். ஒரு நாளு விடியக் கருக்கல்ல வந்து எங்க வீட்டுக் கதவத் தட்டுறா. "பாலம் வரைக்கும் போய்ட்டு வருவோம், ஒரு நாளைக்கு வந்து பாருங்கக்கா"ங்குறா. நல்ல தூக்கம் தாயி. போர்வைக்குள்ளருந்தே, "போடி, சாயங்காலம்தான் நடக்கப் போறோம்ல"ன்னேன். கொஞ்ச நேரம் வாசல்லயே நின்னா. அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. வீட்டுக்குத்தான் போறான்னு நெனச்சேன்.

ஐப்பசியில டெஸ்ட்டு. ரெண்டு பேரும் இதே எடத்துலதான் உக்காந்திருந்தோம். உள்ள கூப்பிட்டாக. டாக்டரம்மா ரஞ்சிதத்துக்குக் கை குடுக்குது தாயி. "பிரமாதம்மா, நல்லாக் கொறச்சுட்டீங்க, ஒங்களுக்கு ஊசி வேணாம்"னுச்சு. எனக்குக் காலெல்லாம் பரபரன்னு இருக்கு, அடுத்தது நம்மளத்தான் சொல்லப் போறாகன்னு. என் காயிதத்தப் பாத்துச்சு. திருப்பிப் பாத்துச்சு. "ரெண்டு பேரும் சேந்துதான நடந்தீங்க?"ன்னு கேட்டுச்சு. ரஞ்சிதம் தரையப் பாத்துக்கிட்டு, "ஆமா டாக்டர்"னா. எனக்கு ஊசி எழுதிருச்சு.

பஸ்ஸுல அவதான் அழுதா. ஊசி எனக்கு, அழுக அவளுக்கு. நான் அவளத் தட்டிக் குடுத்துக்கிட்டு வர்றேன், எப்பிடி இருக்கு பாரு. "ஒனக்கில்லடி, எனக்குத்தாண்டி"ன்னு சொன்னா இன்னும் அழுகுறா.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஒரே நட, ஒரே கோயிலு. அவளுக்கு மட்டும் எப்பிடிக் கொறஞ்சுச்சு? எதையோ மறைச்சு வச்சுத் திங்கிறா, ஆவாரம்பூவோ பாகக்காச் சாறோ, எனக்குச் சொல்லாம குடிக்கிறான்னு நெனச்சேன். சீனி கேக்கப் போற மாதிரி போய் அவ அடுப்படிய ஒரு நோட்டம் விட்டேன். ஒண்ணுமில்ல. எங்கிட்டுத்தான் மறைச்சாளோன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன். கடைசியில கோயில் வாசல்ல பூக்கட்டுற மாரியாயிதான் போட்டு ஒடச்சா. "ஒங்க கூட்டாளி காலையில பாலத்துல பறக்குறாளே, நீங்க வாறதில்லையா?"ன்னா.

எனக்கு நம்ப முடியல. மறுநா வெள்ளென எந்திரிச்சு ஆட்டோவ வரச் சொல்லிப் பாலத்துக்குப் போனேன். அம்புட்டுத் தூரம் நான் எங்க நடக்க? போய்ப் பாத்தா, சேலையத் தூக்கிச் சொருகியிருக்கா. மகனோட கேன்வாஸ் ஷூவ மாட்டியிருக்கா. கை ரெண்டையும் வீசிக்கிட்டு, வேர்த்து ஊத்த ஊத்த வர்றா. எனக்குத் தெரிஞ்ச ரஞ்சிதமே இல்ல. ஆட்டோவ அவ பக்கத்துல நிறுத்தி எறங்குனேன். அப்பிடியே நின்னுட்டா. பேச்சு வரல அவளுக்கு, மூச்சு வாங்குது. குத்தம் செஞ்சவளுக்கு எப்பிடிப் பேச்சு வரும்?

"எத்தன நாளாடி?"ன்னேன். "ரெண்டு வாரம் ஒங்க கூட நடந்து பாத்தேன்க்கா. மெசினுல கால வச்சா மிதிக்கிறது தெரியல. பயந்துட்டேன்"னா. "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி?"ன்னேன். "சொன்னேனேக்கா"ங்குறா! கூசாமச் சொல்றா தாயி. எப்பச் சொன்னா? நீயே சொல்லு. இம்புட்டு நேரம் ஒண்ணு விடாமச் சொன்னேனே, அதுல எங்கயாச்சும் அவ சொன்னாளா?

"அப்பச் சாயங்காலம் எதுக்குடி எங்கூட வந்தே?"ன்னேன். "அது நடையில்லக்கா"ன்னா. "பின்ன என்னடி?"ன்னேன். முந்தானைய எடுத்து மூஞ்சியத் தொடச்சா. வேர்வையத் தொடச்சாளோ என்னமோ. அம்மன் முன்னால கையடிச்ச சத்தியம்டி, கை அழுகிப் போகும்டின்னு பாலத்துல வச்சே கத்துனேன். லாரிக்காரனெல்லாம் எட்டிப் பாத்தான். கைய மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கிறா, அழுகட்டும்கிற மாதிரி. நான் ஆட்டோவுல ஏறி வந்துட்டேன். அன்னைலருந்து அவகூட ஒரு வார்த்த பேசுறதில்ல.

ஊசியா? அதையேன் கேக்குற. மருந்தும் ஊசியும் பிரிட்ஜுல இருக்கு, போட ஆளில்ல. அவுகளுக்குக் கை நடுங்கும். எனக்குப் பாத்தாலே மயக்கம் வரும். பாலத்துச் சண்டைக்குப் பெறகும் ரெண்டு நாளு அப்பிடியே கெடந்துச்சு. மூணாம் நாளு காலையில இவ வந்து நிக்கிறா. பிரிட்ஜத் தொறந்து எடுத்தா, அளவு பாத்தா, வந்து நின்னா. தையக்காரிதான, ஊசி பிடிக்கச் சொல்லியா குடுக்கணும்? செவத்தப் பாத்துக்கிட்டு வயித்தக் காட்டுனேன். போட்டதே தெரியல தாயி. அப்பருந்து காலையில ஒரு தடவ, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால ஒரு தடவ, வந்து போட்டுட்டுப் போறா. பேச்சுக் கெடையாது. ஒரு நாளு வர நேரமாச்சு, நான் நாலு தடவ வாசலுக்கு வந்து பாத்தேன். பசி தாயி, ஊசி போட்டாத்தான சாப்பிட முடியும்.

சாயங்காலம் கோயிலும் விடல. அவ சத்தியத்த ஒடச்சா நானும் ஒடைக்கணுமா? அவள விட்டு நடக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல. அதனால அவ வர்ற வரைக்கும் கொடிமரத்துக்கிட்ட நிப்பேன். வந்துட்டான்னு தெரிஞ்சதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நடக்க ஆரம்பிப்பேன். பின்னாலயே வருவா. அவ வர்ற சத்தம் காதுல விழுந்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும், இன்னும் எட்டிப் போடுவேன். அவளும் எட்டிப் போடுவா. நான் ஓட்டமா நடந்தா அவளும் ஓட்டமா நடப்பா, ஒரு எட்டு பின்னால, விடவே மாட்டா. எண்ணெக் கொடமாவது ஒண்ணாவது, அது என்னைக்கோ விழுந்து ஒடஞ்சு போச்சு. வாயத் தொறந்தா அவகிட்டப் பேசிப்புடுவேனோன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நடப்பேன். பிரசாதத்தப் பக்கமே போறதில்ல, அவ தொன்னைய நீட்டுவாளேன்னு. நட முடிஞ்சா ரவிக்கையெல்லாம் நனைஞ்சிருக்கும், மூச்சு எறைக்கும். அம்புட்டுக் கோவம் தாயி எனக்கு.

பாரு, சாமி எம் பக்கம்தான் இருந்துச்சு. போன மாசம் வந்தப்ப சுகரு நல்லா எறங்கியிருந்துச்சு. ஊசி அளவக் கொறச்சாக. "அடுத்த தடவ வெறும் வயித்துலயும் சாப்பிட்ட பெறகும் ரெண்டும் சரியா இருந்தா நிறுத்திப் பாப்போம்மா. அப்பிடி என்ன பண்ணுனீங்க?"ன்னு கேட்டுச்சு டாக்டரம்மா. அம்மன் பாத்துக்கிட்டான்னேன். இவ வாசல்ல நின்னு தரையப் பாத்துச் சிரிக்கிறா.

ஆமா, இவதான். தண்ணி பிடிக்கப் போனாளே, இதே ரஞ்சிதம்தான். பேசாதவகூட எப்பிடி வந்தேன்னு கேக்குறியா? நான் கூப்பிடல. அவளே காலையில கெளம்பி வந்து வாசல்ல நின்னா. அவுகதான், "தொணைக்குப் போகட்டும்"னாக. பஸ்ஸுல ஜன்னலோரத்த எனக்கு விட்டா. நான் ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தேன்.

இப்ப வெறும் வயித்துது நல்லாக் கொறஞ்சிருக்குன்னு அந்த நர்சுப் பிள்ள சொல்லிட்டுப் போச்சு. "இன்னொண்ணும் இப்பிடியே வந்தா ஊசிக்கு டாட்டா சொல்லிறலாம் பாட்டி"ன்னுச்சு. ரஞ்சிதத்துக்கு மூஞ்சியெல்லாம் பல்லு. எனக்குத்தான் சிரிக்க வரல தாயி.

ஊசி நின்னுட்டா அவ எதுக்குக் காலையில எங்க வீட்டுப் படி ஏறப் போறா? யோசிச்சுப் பாரு. ராத்திரி எதுக்கு வரப் போறா? நல்லாருக்கே! சத்தியத்த ஒடச்சுப்புட்டு அம்புட்டு லேசுல தப்பிச்சிருவாளா? விட மாட்டேன். ரெண்டு நேரமும் வரட்டும், வந்து என் மூஞ்சியப் பாத்துக் குத்திட்டுப் போகட்டும். அதுதான் அவளுக்குத் தண்டன. பஸ் ஸ்டாண்டுல அவ பாத்ரூம் போன நேரம் பாத்துத்தான் இந்த அதிரசத்த வாங்கிப் பையில மறைச்சேன். எங்கம்மா காலு ஞாபகத்துக்கு வராம இல்ல. வந்துச்சு, வந்துக்கிட்டேதான் இருக்கு. இருந்தாலும் தின்னுட்டேன்.

அந்தா, படியேறி வர்றா பாரு, ஊதாச் சேல. லிப்டு இருக்கு, ஏற மாட்டா. நீ எந்திரிக்காத, அவ நின்னுக்குவா. இந்த அதிரசம் சுத்துன காயிதத்த மட்டும் அந்தக் கூடையில போட்டுரு தாயி. அடியில தள்ளிப் போடு, மேல தெரியாம. அவ பாத்தான்னா அழுவா.